கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் தம்பி கல்லாவில் உட்காரட்டும்

கேள்வி: மகன் பி.காம். கடைசி வருடம். சி.ஏ. வேண்டாம், டிஜிட்டல் மார்க்கெட்டிங்தான் படிப்பேன் என்று நிற்கிறான். கோர்ஸுக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். கூகுளில் எந்த வார்த்தையைப் போடுவது என்று பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா? எங்களுக்குச் சின்னாளபட்டியில் சுங்குடி சேலைக் கடை. ஏ.ஐ. வந்து இதையும் விழுங்கிவிடும் என்று வேறு சொல்கிறார்கள்.

பதில்: வேலைதான் அம்மா. ஆனால் தம்பிக்கு அது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், உங்கள் கடையே போதும்.

முதலில் கல்லாப் பக்கம் ஒரு நோட்டோடு உட்காரட்டும். வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்பதை அப்படியே எழுதட்டும். “சாயம் போகுமா?”, “பிளவுஸ் துணி சேர்ந்து வருமா?”, “வயசானவங்க கட்ட லேசா இருக்கா?”, “கடைக்கு எடுத்தா என்ன ரேட்டு?” கீவேர்டு, அதாவது மக்கள் கூகுளில் போட்டுத் தேடும் சொல். அதைத் தேடுவது இங்கேதான் தொடங்குகிறது. கணினி பிறகுதான்.

அடுத்து, எழுதியதைப் பிரிக்க வேண்டும். ‘சுங்குடி வரலாறு’ என்று தேடுபவர் பெரும்பாலும் சேலை வாங்க வரவில்லை. ‘காட்டன் சேலை’ என்று தேடுபவர் வாங்கலாம், ஆனால் அங்கே பெரிய ஆன்லைன் கடைகள் வரிசைகட்டி நிற்கும், உங்கள் பெயர் மேலே வருவது கடினம். ‘சின்னாளபட்டி சுங்குடி மொத்த விலை’ என்று தேடுபவர்கள் சிலரே. அவர்கள் பணத்தோடு வருகிற ஜவுளிக்கடைக்காரர்கள். எண்ணிக்கை குறைந்தாலும் இதை விடக்கூடாது என்று தம்பிக்குத் தானாகத் தோன்றினால், அவனுக்கு இந்தத் தொழில் வரும். இன்னொன்று, ஆங்கில எழுத்தில் சுங்குடியை ‘எஸ்’ போட்டும் எழுதுகிறார்கள், ‘சி ஹெச்’ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவிகள் இலவசம். கூகுள் ஆட்ஸ் கணக்கு திறந்தால் கீவேர்டு பிளானர் கிடைக்கும். ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று அது சொல்லும். விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குக்குத் துல்லியமான எண் தராது, 100 முதல் 1,000 வரை என்பதுபோல ஒரு வீச்சைத்தான் காட்டும். அதில் ‘போட்டி’ என்று வருவது விளம்பரதாரர்களுக்குள் நடக்கும் போட்டி. விளம்பரமில்லாத தேடல் முடிவில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லாது. பணம் கட்டிப் படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கூகுள் டிரெண்ட்ஸ் 0 முதல் 100 வரை ஒப்பீட்டு அளவுதான் தரும், ஆனால் பொங்கல், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பே தேடல் ஏறத் தொடங்குகிறது என்று பார்க்க அது போதும்.

இணையதளம் இல்லையென்றாலும் பரவாயில்லை. கூகுள் மேப்பில் கடைக்கு பிசினஸ் புரொஃபைல் போட்டால், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்குக் கடை கண்ணில் பட்டது என்று அதிலேயே தெரியும். ஒரே எச்சரிக்கை: கடைப் பெயரோடு ‘பெஸ்ட் சுங்குடி சேலை ஹோல்சேல்’ என்று ஒட்டவைக்கக் கூடாது. அது கூகுள் விதிக்கு விரோதம், புரொஃபைலையே முடக்கிவிடலாம்.

ஏ.ஐ. பயம் பாதி நியாயம். 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் தேடலின் மேலேயே ஏ.ஐ. தொகுத்த பதிலைக் காட்டுகிறது. ‘சுங்குடி என்றால் என்ன’ வகைக் கேள்விக்கு யாரும் தளத்துக்குள் வராமலே போகலாம். அந்த மாதிரிக் கட்டுரைகளை மலைபோல் எழுதித் தள்ளும் வேலை சுருங்கும் என்றே நினைக்கிறேன். எங்கே வாங்குவது, இன்று கடை திறந்திருக்கிறதா, மொத்தமாகக் கொடுப்பார்களா என்று தேடுபவருக்குக் கடைசியில் ஒரு கடை வேண்டும். தம்பி இந்தப் பக்கம் கை வைக்கட்டும்.

பி.காம். அரியர் இல்லாமல் முடியட்டும், அதில் சமரசம் வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் தேடல் விளம்பரத் தேர்வை இலவசமாக எழுதலாம். ஓராண்டுதான் செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும். நேர்முகத்தில் சான்றிதழைவிட, “எங்கள் கடைக்கு இந்தச் சொற்களைத் தேர்ந்தேன், போன் அழைப்பு இவ்வளவு கூடியது” என்று மாதவாரியாகக் காட்டும் ஒரு எக்செல் தாள் எடுபடும்.

இதற்குப் பிறகும் கோர்ஸ் வேண்டும் என்றால் போங்கள். ‘வேலை உத்தரவாதம்’ என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கருவி சர்ச் கன்சோல். சொல்லிக்கொடுப்பவர் தானே நடத்தும் ஒரு தளத்தின் சர்ச் கன்சோல் கணக்கைத் திறந்து காட்டட்டும். “மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கில் நிறையச் சொற்களை நிரப்பினால் கூகுளில் மேலே வரலாம்” என்று பாடம் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது பக்கத்தின் நிரலில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் சொற்பட்டியல். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.