நிதி ஒதுக்கினால் இங்கிலாந்தில் புறவழிச்சாலை உடனே வந்துவிடுமா?

வராது. "வெளிநாட்டில் எல்லாம் பணம் ஒதுக்கியதும் ரோடு போட்டு முடித்துவிடுகிறார்கள், நம்மூரில் மட்டும் ஏன் இழுக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற நாடுகளை விடுங்கள், இங்கிலாந்தைப் பொறுத்தவரை கேள்வியின் முதல் பாதியே தப்பு. நான் கோவைக்காரன், இப்போது இருப்பது நார்விச் ஊருக்கு வடமேற்கே. அதனால் இந்த ஒரு ஊர் சங்கதியைச் சொல்கிறேன்.

நார்விச்சுக்குத் தெற்கே ஏ47 நெடுஞ்சாலை ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போய்விடும். வடக்கே வெகுகாலம் அப்படி எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க யோசித்ததுதான் நார்தர்ன் டிஸ்ட்ரிபியூட்டர் ரோடு. உள்ளூரில் என்டிஆர் என்பார்கள் (ஆந்திரா ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல), அதிகாரப்பூர்வமாக இப்போது பிராட்லேண்ட் நார்த்வே. ஊருக்குக் கிழக்கே போஸ்ட்விக்கில் ஏ47-ல் பிரிந்து, விமான நிலையத்தை ஒட்டிப் போய், வடமேற்கே ஃபேக்கன்ஹாம் ரோட்டில் முடிகிறது. சுமார் 20 கிலோமீட்டர், போக இரண்டு தடம் வர இரண்டு தடம் என நாலு வழி. 2018 ஏப்ரலில் முழுசாகத் திறந்தார்கள்.

பணம் எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். லண்டனில் இருக்கும் போக்குவரத்துத் துறை ஆரம்பத்தில் விமான நிலையம் பக்கத்து ஏ140 சாலை வரைக்கும்தான் உதவி செய்வதாகச் சொன்னது. அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் உங்கள் பாடு என்று கவுண்டி கவுன்சிலிடம் விட்டுவிட்டது (கவுண்டி கவுன்சில் என்பது ஏறக்குறைய நம்ம மாவட்ட ஊராட்சி, ஆனால் ரோடு, பள்ளிக்கூடம் என்று பொறுப்பும் கடனும் பல மடங்கு). கடைசியில் துறை கொடுத்தது 8.65 கோடி பவுண்டு. புது வீடு கட்டுகிறவர்களிடம் வசூலிக்கும் தீர்வையிலிருந்து ஒரு பங்கு, மிச்சம் கவுன்சில் தலையில். 17.9 கோடியில் முடியும் என்று சொன்ன வேலை 20.5 கோடியில் போய் நின்றது. ஏறிய தொகைக்கு லண்டன் பொறுப்பில்லை, ஏனென்றால் அவர்கள் தருவது இவ்வளவுதான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிய தொகை. செய்தியில் "அரசு இத்தனை கோடி ஒதுக்கியது" என்று படிக்கும்போது நாம் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

அப்புறம் மேற்குப் பக்கம். ஃபேக்கன்ஹாம் ரோட்டில் முடிகிற என்டிஆருக்கும் ஏ47-க்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் சுமார் இடைவெளி, அதன் குறுக்கே வென்சம் ஆறு. சுண்ணாம்புப் பாறை ஊற்றில் ஓடும் ஆறு, இயற்கைப் பாதுகாப்புப் பட்டியலில் உயர்ந்த இடத்தில் இருப்பது. அதனால்தான் 2005 வாக்கிலேயே மேற்குப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துப் போனார்கள். விளைவு என்னவென்றால், நாலு வழிச் சாலையில் வேகமாக வருகிறவர்கள் அது முடிந்ததும் ரிங்லண்ட், வெஸ்டன் லாங்வில் மாதிரியான குட்டிக் கிராமங்களுக்குள் நுழைந்துதான் அந்தப் பக்கம் போகிறார்கள். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் வேலிச் செடிக்குள் வண்டியை ஒதுக்க வேண்டிய சந்துகள் இவை. காலை எட்டரை மணிக்கு அந்த வழியே போனால் நான் சொல்வது புரியும்.

அந்த இடைவெளியை அடைக்க வந்த திட்டம்தான் வெஸ்டர்ன் லிங்க். ஆற்றுக்கு மேலே நீளமான பாலத்தோடு புதுச் சாலை. மதிப்பீடு 2019-ல் 15.3 கோடி பவுண்டு, 2021-ல் 19.8 கோடி, 2022-ல் 25.1 கோடி, அப்புறம் 27.4 கோடி. ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கவில்லை, கவனியுங்கள். 2023 அக்டோபரில் போக்குவரத்துத் துறை முதல்கட்டத் திட்ட அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்து சுமார் 21.3 கோடி தருவதாகச் சொன்னது, இங்கே ஒரே கொண்டாட்டம், ரோடு வந்தே விட்டது என்கிற மாதிரி பேச்சு. உண்மையில் அது நிபந்தனையோடு வந்த வாக்குறுதி. கட்டுமான அனுமதி வாங்கி, இறுதி அறிக்கையும் கொடுத்து, அதற்கும் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் கட்டுமானப் பணம் வரும்.

வரவில்லை. அந்தப் பாதையில் பார்பஸ்டெல் என்கிற அரிய வௌவால் இனம் குட்டி போட்டு வளர்க்கும் காடுகள் இருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து 2024-ல் தன் வழிகாட்டுதலை இறுக்கிவிட்டது, வௌவால் வாழும் இடத்தில் வேலை செய்ய உரிமம் கிடைப்பது கஷ்டம் என்கிற நிலை வந்தது. 2025 ஜனவரியில் கவுன்சில் கட்டுமான அனுமதி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்குள் ஆய்வு, வடிவமைப்பு, ஆலோசகர்கள் என்று 5 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. ரோடு வந்திருந்தால் அது மூலதனச் செலவாகக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். வராததால் அன்றாட வரவுசெலவில் இறக்க வேண்டும், அப்படியென்றால் சேமிப்பில் கை வைக்க வேண்டும். வௌவாலைத் திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு வௌவால் மேல் கோபமில்லை, அது அங்கே இருப்பது ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே, மதிப்பீடு ஏறிக்கொண்டே போகும்போதும், ஒரே பாதையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்பதுதான் என் குறை.

இதே ஊருக்குத் தெற்கே லாங் ஸ்ட்ராட்டன் என்று ஒரு சின்ன ஊர், ஏ140 சாலை நடுவீதியாகப் போகும் இடம். அங்கே புறவழிச்சாலை வேண்டுமென்று தலைமுறைக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024-ல் வேலை தொடங்கியது. நீளம் நாலு கிலோமீட்டருக்குள்தான், போக ஒன்று வர ஒன்று என இரண்டே தடம், குறுக்கே பெரிய ஆறு கிடையாது, கூடவே 1,800 வீடுகள் கட்டும் திட்டம் இருப்பதால் அந்த வீட்டு நிறுவனங்களிடமிருந்தும் பணம். பெரிய பாலத்தோடு கனவு கண்ட திட்டம் படுத்துவிட்டது, இது நகர்ந்துவிட்டது.

நம்மூரோடு ஒப்பிடச் சொன்னதால்: கோவை மேற்குப் புறவழிச்சாலை மதுக்கரைப் பக்கம் மைல்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டர், மூன்று கட்டம், மாதம்பட்டி வரையான முதல் கட்டத்துக்கு 2023-ல்தான் வேலை தொடங்கினார்கள். அங்கே காலத்தைத் தின்றது பெரும்பாலும் நில எடுப்பு. இங்கே தின்பது அனுமதி. ஒரு வித்தியாசம் உண்டு, இங்கே எந்த வருடம் எவ்வளவு செலவானது, மதிப்பீடு ஏன் ஏறியது என்பதெல்லாம் கவுன்சில் கூட்ட ஆவணங்களாக இணையத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேலே உள்ள எண்களில் பலவும் அப்படி வெளியே வந்தவைதான். ஆனால் படித்துவிட்டால் ரோடு வந்துவிடாது, ரிங்லண்ட் வழியாகத்தான் இன்னமும் போகிறோம்.