விமானச் சிதைவுப் படங்களைப் பார்த்தே விபத்துக்கான காரணத்தைச் சொல்லிவிட முடியுமா?

எப்படி மோதியது என்று ஓரளவு சொல்லலாம். ஏன் மோதியது என்று சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். நான் பெங்களூரில் எஞ்சின் ஓவர்ஹால் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், விபத்து ஆய்வாளன் இல்லை. ஆனாலும் எங்கே விமானம் விழுந்தாலும் ஓசூரிலிருக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "மாமா, எஞ்சின் ஃபெயிலியர்தானே?" என்பான். அதனால் எஞ்சினிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படத்தில் எஞ்சினின் முன்பக்கம் தெரிந்தால் ஃபேன் பிளேடுகளைப் பாருங்கள். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மண்ணிலோ கல்லிலோ மோதினால் பிளேடுகள் வட்டம் முழுக்க, சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக மடங்கும். முன்விளிம்பு கிழிந்திருக்கும், நுனி உடைந்து போயிருக்கும், உள்ளே மண் உறிஞ்சப்பட்டிருக்கும். நின்றுபோன அல்லது மெல்லச் சுற்றிய எஞ்சின் என்றால் தரையில் அடிபட்ட பக்கத்துப் பிளேடுகள் மட்டும் நசுங்கும், எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் இது மோதிய நொடியின் சாட்சி மட்டும்தான். அதற்கு அரை நிமிடம் முன்னால் எஞ்சின் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எந்தப் பிளேடும் சொல்லாது.

எங்கள் பெங்களூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1990 பிப்ரவரி 14, மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஏர்பஸ் ஏ320. பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுபாதைக்குச் சுமார் 2,300 அடி முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் சக்கரம் பட்டது. எகிறி மறுபடி விழுந்து, ஒரு மண்கரையில் மோதியதில் சக்கரங்களும் எஞ்சின்களும் பிய்ந்து போயின. விமானத்தின் மீதி உடல் நிலையத்தின் மதிலை எட்டாமல் நின்று எரிந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். கழன்று கிடக்கும் எஞ்சினையும் நெருப்பையும் படத்தில் பார்ப்பவன் என்ன சொல்வான்? எஞ்சின் தீப்பிடித்தது என்பான். விசாரணையில் வெளிவந்த கதையே வேறு. எஞ்சின்களில் பழுதில்லை. இறங்கும்போது ஆட்டோபைலட் முறை தவறாக அமைந்து, எஞ்சின்கள் ஐடிலிலேயே (மிகக் குறைந்த விசையிலேயே) இருந்தன. வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் கவனித்து முழு விசை கொடுத்தது கடைசிச் சில நொடிகளில்தான். ஐடிலிலிருந்து ஜெட் எஞ்சின் முழு விசைக்கு ஏற நொடிகள் பிடிக்கும், ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டர் மாதிரி முறுக்கியதும் பாயாது. இப்படி ஏறிக்கொண்டிருக்கும் எஞ்சின் தரையில் அடித்தால், பிளேடுகள் 'நல்ல விசையில் இருந்தேன்' என்றுதான் சாட்சி சொல்லும். விசை போதாமல் விழுந்த விமானத்தின் படத்தில் விசை இருந்ததற்கான அடையாளம்! அந்த வழக்கைத் தீர்த்தவை கருப்புப் பெட்டிகள் (ஆரஞ்சு நிறப் பெட்டிக்கு யார் இந்தப் பெயர் வைத்தார்களோ).

இன்னொன்று, எல்லோரும் பெரிய துண்டையே பார்ப்பார்கள். முதலில் பட்ட இடம்தான் முக்கியம். சென்னையிலிருந்து டெல்லி போன போயிங் 737, 1973 மே 31 அன்று அங்குள்ள பாலம் விமான நிலையத்தில் இறங்கும்போது, புழுதிப் புயலில் உயரம் தாழ்ந்து உயரழுத்த மின்கம்பிகளில் பட்டது. அப்போதைய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் உட்பட 48 பேர் பலியானார்கள். அங்கே எரிந்துபோன விமான உடலை எத்தனை கோணத்தில் எடுத்தாலும், பின்னால் அறுந்த கம்பியை எடுக்காத படத்தால் பயன் குறைவு. ஆய்வாளர்கள் மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுவதும் இதற்காகத்தான். ஒன்று பல கிலோமீட்டர் பின்னால் கிடந்தால், விமானம் ஆகாயத்திலேயே உடையத் தொடங்கிவிட்டது.

கரிப்படிவையும் கவனிக்கலாம். பறக்கும்போதே எரிந்திருந்தால் காற்றோட்டத்தோடு பின்னோக்கி இழுத்த கோடுகளாகப் படியும், தரையில் எரிந்தால் மேல்நோக்கி ஏறும். உடைந்த இரண்டு தகடுகளைப் பொருத்திப் பார்த்து, ஒன்று கரியும் மற்றது சுத்தமுமாக இருந்தால், உடைந்த பிறகே நெருப்பு என்று அர்த்தம். ஆனால் அதற்குத் தகடு கையில் இருக்க வேண்டும், செல்போன் திரையில் போதாது.

ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே நீளும் பலகை) பற்றியும் கேட்பார்கள். அது தொங்குவதைப் பார்த்துச் சொல்லாதீர்கள், மோதலில் அது எப்படி வேண்டுமானாலும் திரும்பும். காக்பிட் நெம்புகோலும் இடம் மாறும். ஆய்வாளர்கள் ஃபிளாப்பை நகர்த்தும் திருகுத்தண்டான ஜாக்ஸ்க்ரூ எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்துதான் சொல்வார்கள்.

படம் எடுக்கப்பட்ட நேரத்தையும் கேளுங்கள். மாலைக்குள் தீயணைப்புக்காரர்கள் ஆளை மீட்க விமான உடலை வெட்டியிருப்பார்கள், கிரேன் துண்டுகளை நகர்த்தியிருக்கும். நேராக வெட்டுப்பட்ட விளிம்பைக் காட்டி 'குண்டு' என்று வந்த ஃபார்வர்டுகளை நானே பார்த்திருக்கிறேன். தொலைவிலிருந்து எடுக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் வேறு தூரத்தைச் சுருக்கி, ஓடுபாதை பக்கத்திலேயே இருப்பது போலக் காட்டும்.

அக்கா மகனிடம் நான் சொல்வது: மேலிருந்து எடுத்த படம் வரட்டும், தரையில் கீறல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். மீதிக்கு முதற்கட்ட அறிக்கை வரும், சர்வதேச விதிப்படி அதற்கு 30 நாள்.