உறையின் பின்பக்கத்துப் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு பாடலைப் பற்றி எழுதும்போது ஒலிப்பதிவாளர், வாத்தியக் கலைஞர்கள், பதிவான ஒலிகளைக் கலந்து சமன்படுத்தும் மிக்ஸிங் வேலையைச் செய்தவர் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அண்மைக் கட்டுரையில் வற்புறுத்தியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர்கள் ஊதியம் பெற்று, சொன்ன வேலையைச் செய்தவர்கள்; படைப்பு இசையமைப்பாளருடையது. எல்லோர் பெயரையும் அடுக்கிக்கொண்டே போனால் யார் பெயரும் மனதில் நிற்காது.

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாடகரும் இசையமைப்பாளரும்கூட ஊதியம் பெறுகிறார்கள். அதற்காக அவர்கள் பெயரை விட்டுவிடலாம் என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே அந்த வாதத்தை இத்துடன் விடுகிறேன். ‘சொன்ன வேலையைச் செய்தவர்கள்’ என்கிறீர்களே, அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

1963இல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பு இசை எழுதியவர் ரான் கிரெய்னர். அவர் தாளில் எழுதித் தந்ததை ஒலியாக்கியவர், பிபிசியின் ஒலியாக்கப் பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் ஊழியராக இருந்த டீலியா டெர்பிஷைர். இசையொலிகளை மின்முறையில் உருவாக்கும் சிந்தசைசர் கருவியைக் கடையில் வாங்க முடியாத காலம் அது. ஒற்றைக் கம்பியை மீட்டிய ஒலியையும் மின்கருவிகள் எழுப்பிய ஒலியையும் காந்த ஒலிநாடாவில் பதிந்து, நாடாவின் வேகத்தை மாற்றிச் சுருதியை வரவழைத்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உரிய நீளத்துக்கு நாடாவை வெட்டி ஒட்டி, அப்படி உருவான சுருள்களை ஒன்றாக ஓடவிட்டு அவர் அந்த இசையைக் கட்டினார். கிரெய்னரே அவருக்கும் பங்கு தர விரும்பினார். ஊழியரின் பெயரை வெளியிடாத நிறுவன வழக்கம் இடம்கொடுக்கவில்லை. திரையில் டெர்பிஷைரின் பெயர் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். 2001லேயே அவர் காலமாகிவிட்டார். மெட்டு கிரெய்னருடையதுதான், ஆனால் கேட்டவர்கள் காதில் தங்கிய ஒலியில் இவருடைய கை இல்லாத நொடி ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. அறுபதுகளில் அதன் வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கும் வாசித்தது ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்ற ஒரே கூட்டம். 1971இல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரும்வரை இசைத்தட்டு உறையில் அவர்களுக்கு இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு, யாரிடம் பாடம் கற்கிறோம் என்பதே தெரியாமல் போயிற்று.

பட்டியல் அலுப்பூட்டும் என்பதில் மட்டும் உங்களோடு ஓரளவு ஒத்துப்போகிறேன். வெறும் பெயர் வரிசையால் பயனில்லை. யார் என்ன செய்தார் என்பதும் சேர்ந்து வர வேண்டும். பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டு ஆல்பத்தில் கிளேர் டோரியின் பெயர் பாடகி என்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் சொற்களே இல்லாத ஒரு பாட்டில் குரலின் போக்கு முழுவதையும் ஒலிப்பதிவின்போதே கற்பனையாகப் பாடி உருவாக்கியவர் அவர். கிடைத்தது 30 பவுண்டு. 2004இல் வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு சமரசம் ஏற்பட்ட பிறகே குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டுடன் இணைந்து இயற்றியவர் என்று அவர் குறிக்கப்பட்டார். ஒலிப்பதிவாளரை ‘நன்றி’ என்ற தலைப்பின்கீழ் கொண்டுபோய் வைப்பதும் எனக்குப் பிடிக்காதது இதனால்தான்: வேலை செய்தவரை அது விருந்தாளியாக்கிவிடுகிறது.

இன்று இடப்பற்றாக்குறை என்று சொல்லவும் வழியில்லை. ஆனாலும், அன்று இசைத்தட்டு உறைக்குப் பெயர்களைப் போட ஒரு பின்பக்கமாவது இருந்தது. ஸ்ட்ரீமிங் செயலியில் படமும் பாடகர் பெயரும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் ஐஎஸ்ஆர்சி என்னும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு பதிவை அடையாளம் காட்டுமே தவிர, அதில் எந்த மனிதரும் இல்லை. விவரங்களை யாராவது தனியே நிரப்ப வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய இரவில் அவசரமாக நிரப்பும்போது முதலில் விடுபடுவது, ஒரு நாள் வந்து வயலின் வாசித்துவிட்டுப் போனவரின் பெயர். பதிவு நடக்கும் அன்றே, அந்த அறையிலேயே, அவரவர் பெயரை அவரவரே எழுத்துப் பிழையில்லாமல் எழுதித் தரச் செய்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

என் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் தொடர்ந்து இடம்பெறும். எங்கே தேடியும் கிடைக்காவிட்டால், ‘வாசித்தவர் பெயர் பதிவாகவில்லை’ என்று அந்த இடத்தில் எழுதிவைப்பேன்.