அப்பாவுக்குக் கிடைக்காத வானியல்

அன்புள்ள ஐயா,

கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின், சோவியத் நாட்டிலிருந்து வெளியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 2010இல் சீனத் தணிக்கையை ஏற்க முடியாது என்று கூகுள் விலகியதற்கு அந்தக் குடும்பக் கதைதான் காரணமா? இல்லை, வெறும் வியாபாரக் கணக்கா?

– திருச்சி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குடும்பக் கதைக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அவருடைய அப்பா மிகைல் பிரின் வானியல் படிக்க ஆசைப்பட்டவர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் யூதர்களைச் சேர்க்க மாட்டார்கள், கணிதத்துக்குப் போனார். இப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நுழைவுத் தேர்வில் யூத மாணவர்களைத் தனி அறையில் உட்காரவைத்து, யாராலும் எளிதில் போட முடியாத கணக்குகளைக் கொடுப்பார்கள். அந்தக் கணக்குகளுக்குச் 'சவப்பெட்டிகள்' என்றே பெயர். 1977இல் வார்சாவில் ஒரு மாநாட்டுக்குப் போய் வெளிநாட்டுக் கணித அறிஞர்களுடன் பழகிவிட்டுத் திரும்பிய மிகைல், இனி இங்கே இருக்க முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார். வெளியேற விண்ணப்பித்ததும் வேலை போனது. 1979இல் அமெரிக்கா வந்து சேர்ந்தபோது செர்கேக்கு வயது 6.

அந்த வயதுப் பிள்ளைக்கு நேரடி நினைவு எவ்வளவு இருக்கும்? வீட்டில் கேட்டு வளர்ந்ததுதான் அதிகம்.

சரி, 2006இல் தணிக்கை செய்த தேடுபொறியைச் சீனாவில் தொடங்கியபோதும் அவர் நிறுவனத்தில்தானே இருந்தார்? இருந்தார், சம்மதித்தார். மனித உரிமை ஆர்வலர்களின் ஜிமெயில் கணக்குகளுக்குள் புக முயன்ற இணையத் தாக்குதல் தெரியவந்த பிறகே நிலை மாறியது. அப்போது கூகுளின் தலைமை நிர்வாகியாக இருந்த எரிக் ஷ்மிட் அங்கேயே தொடரலாம் என்று வாதிட்டதாக அப்போது செய்தி வந்தது. அவர் முன்னாலும் அதே கணக்குவழக்குதான் இருந்தது. பிரின் மட்டும் வேறு முடிவுக்கு வந்தார். தன் சோவியத் பின்னணி அதில் இருக்கிறது என்று பேட்டியிலும் சொன்னார். சீனாவில் அந்நாட்டுத் தேடுபொறியான பைடுதான் முதலிடம் என்பதால் இழப்பைத் தாங்க முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

2017இல் டிரம்ப் அகதிகளைத் தடுத்தபோது, நானும் அகதிதான் என்று சான் பிரான்சிஸ்கோ விமான நிலையப் போராட்டத்தில் வந்து நின்றார். 2025இல் அதே டிரம்பின் பதவியேற்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அதற்கு வார்சாவில் காரணம் தேடிப் பயனில்லை. அப்போது கூகுள் மீது அமெரிக்க அரசு நடத்திக்கொண்டிருந்த ஏகபோக வழக்குகளைப் படியுங்கள்.

அன்புடன்.