உயிர்காப்புப் படகும் உண்டியலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் இருக்கிறேன். மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்புக்கு நிதி திரட்டுகிறார்கள். அகதிகளைக் கரைசேர்க்கிறவர்களுக்கு ஏன் காசு என்று சில பெற்றோர் எதிர்க்கிறார்கள். இப்படிச் சர்ச்சையான அமைப்பைப் பள்ளி பகிரங்கமாக ஆதரிக்கலாமா? வேறு ஏதாவது பொதுவான அமைப்புக்குக் கொடுத்தால் வம்பில்லையே?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

போன வாரம் பேத்தி பள்ளியிலிருந்து ஓர் உண்டியலோடு வந்தாள். அன்றிலிருந்து இதே யோசனைதான்.

'வம்பில்லையே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கோபம் வந்தது. 1824இல் தொடங்கிய அமைப்பு அது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பேஜர் அடித்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுகிறவர்கள். 2021இல் நைஜல் ஃபராஜ் என்ற அந்த நாட்டு அரசியல்வாதி அவர்களை டாக்ஸி சர்வீஸ் என்றார். அதே வருடம் நவம்பரில் உங்கள் ஊர்ப்பக்கத்து ஆங்கிலக் கால்வாயில், கரைசேர முயன்ற 27 பேராவது மூழ்கிச் செத்தார்கள். தண்ணீரில் தத்தளிப்பவனைத் தூக்குவதைவிடப் பொதுவான காரியம் வேறு என்ன இருக்கிறது? யாரோ ஓர் அரசியல்வாதி பேசிவிட்டார் என்பதற்காக நீங்கள் ஏன் பின்வாங்குகிறீர்கள்?

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்குள்ள 1996 கல்விச் சட்டம் பாடம் நடத்தும்போது ஒருபக்கச் சார்பான அரசியல் கருத்தைப் பரப்பக்கூடாது என்கிறது. அதற்கும் படகுக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பள்ளியில் எப்படி வசூலிக்கிறார்கள்?

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பத்து பைசா கொண்டுவரச் சொன்னார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். காசு கொடுத்தவன் சட்டையில் காகிதக் கொடி. கொடுக்காதவன் பெஞ்சு மேல். என் பக்கத்தில் இருந்தவனுக்கு அப்பா இல்லை, அம்மா களையெடுக்கப் போவாள். அந்தப் பீரியட் முழுக்க நின்றான். எனக்குத் தாங்கவில்லை, கொடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் அவன் அதைக் கவனித்து, "ஏண்டா கழட்டின? குத்திக்கோ, நல்லாருந்துச்சு" என்றான். படைவீரர் குடும்பங்களுக்கான நல்ல நிதிதான் அது. ஆனாலும் இன்றுவரை கொடியைப் பார்த்தால் எனக்கு அவன் கால்கள்தான் ஞாபகம் வருகின்றன.

பிள்ளைகளைப் படகு நிலையத்துக்கு அழைத்துப்போகட்டும், அந்தத் தொண்டர்களைப் பேசவைக்கட்டும், எதிர்க்கிற பெற்றோரின் பிள்ளைகளும் கேட்கட்டும். உண்டியல் வாசலில் இருக்கட்டும். வகுப்புக்குள் வரக்கூடாது, பட்டியலும் கூடாது. யார் போட்டார், யார் போடவில்லை என்பது ஆசிரியருக்கே தெரியக்கூடாது. சண்டை போடுவதென்றால் இதற்குப் போடுங்கள் அம்மா.

முதலில் மகளிடம் கேளுங்கள். காசு கொண்டுவராதவர்கள் யாராவது இருந்தார்களா, அன்றைக்கு அவர்களிடம் என்ன சொன்னார்கள் என்று.