மூன்றாவது கிலோமீட்டரில் இறங்கித் தள்ளுகிறேன்

கேள்வி: எனக்கு 41 வயது. ஒன்றரை வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். சமதளத்தில் 70 கிலோமீட்டர் அலுப்பில்லாமல் போவேன். ஆனால் 12 கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்றில் ஒவ்வொரு முறையும் மூன்றாவது கிலோமீட்டரிலேயே தொடை எரிந்து, மூச்சு முட்டி, இறங்கித் தள்ளுகிறேன். என் சைக்கிளில் முன்னால் உள்ள சிறிய பல்சக்கரம் 39 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரம் 25 பல். எடை குறைந்த சைக்கிள் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 70 கிலோமீட்டர் ஓட்டும் கால் உங்களுடையது, அது இந்த மலையையும் ஏறும். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘ஒவ்வொரு முறையும் மூன்றாவது கிலோமீட்டர்’ என்பதுதான். அப்படியென்றால் தப்பு முதல் கிலோமீட்டரிலேயே நடந்துவிடுகிறது.

அடிவாரத்தில் கால் தெம்பாக இருக்கும். சமதளத்தில் வந்த வேகம் குறையக் கூடாதென்று அழுத்துவோம். அளவுக்கு மீறி அழுத்தினாலும் மூச்சு அதை உடனே காட்டிக்கொடுக்காது, சில நிமிடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் தொடையில் எரிச்சல் ஏறிவிடும், ஏற்றத்தில் அதை ஆற்றிக்கொள்ள இடமும் கிடைக்காது. பிரான்ஸின் அல்ப் டி ஹுயெஸ் மலைப்பாதை 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரிச் சரிவு 8 சதவீதம். அங்கே முதல் இரண்டு கிலோமீட்டர்தான் மிகச் செங்குத்து, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த இடத்தில் வீரம் காட்டியவர்கள் மிச்சம் உள்ள வளைவுகளில் தவிப்பார்கள். முதல் பத்து நிமிடம், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். மற்றவர்கள் முந்திப் போகட்டும்.

அடுத்தது கியர். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 39க்கு 25 கியரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு சுற்றும் மாடிப்படியில் மூட்டை தூக்குவது போல இருக்கும். முன்னாலும் பின்னாலும் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்குக் கிட்டத்தட்ட 80 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் தொடை கொடுக்கும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். புது சைக்கிளுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுங்கள். முன்னால் 34 பல் வேண்டுமென்றால் கிராங்க்கையே (மிதிகட்டைகள் மாட்டியிருக்கும் கை) மாற்ற வேண்டிவரலாம், பின்னால் உள்ள டீரெய்லர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்றும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒரு கிலோ குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 40 விநாடி. அவ்வளவுதான்.

பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். பத்து நிமிடம், மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகம். பிறகு ஐந்து நிமிடம் நிதானம். இப்படி மூன்று முறை. சில வாரங்களில் அதை இருபது நிமிடம், இரண்டு முறை என்று நீட்டுங்கள். மலை பக்கத்தில் இல்லையென்றால் எதிர்காற்றில் செய்யலாம். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு கட்டாயம். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

ஏறும்போது கையையும் கவனியுங்கள். என் முதல் நீண்ட ஏற்றத்தில் பாதி வழியிலேயே விரல்கள் மரத்துவிட்டன. குனிந்து பார்த்தால், விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். தோளும் காது வரை ஏறியிருந்தது. பிடியைத் தளர்த்தியதும் மூச்சு வயிறு வரை இறங்கியது. இப்போதும் ஒவ்வொரு வளைவிலும் விரல்களை ஒரு தடவை அசைத்துப் பார்ப்பேன்.

பெரும்பாலும் உட்கார்ந்தே ஏறுங்கள். இடுப்பு கடுத்தால் ஒரு கியர் கூட்டிக்கொண்டு அரை நிமிடம் எழுந்து மிதிக்கலாம். வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. வண்டி எதுவும் வராதபோது, உங்கள் பக்கத்துச் சாலைக்குள்ளேயே கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்புங்கள். இந்த வேகத்தில் முகத்தில் காற்று படாது, வியர்வை ஊற்றும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள்.

கியர் மாற்றும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த முறை மெதுவாகக் கிளம்பிப் பாருங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் இறங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.