நகுஷன் ஏன் பாம்பானான்?

புளியங்குளத்துக்குப் பக்கத்துப் புதூர் நாகதம்பிரானும், சாபத்தால் பாம்பான நகுஷனும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நாகதம்பிரான் எங்கள் வன்னிச் சனம் பொங்கிப் படைக்கிற தெய்வம்; நகுஷன் மகாபாரதத்து மன்னன்.

விருத்திரன் என்ற அசுரனைக் கொன்ற பழிக்கு அஞ்சி இந்திரன் ஒளித்துக்கொண்டபோது, தேவர்களும் முனிவர்களும் நகுஷனை அரியணையில் இருத்தினார்கள். பதவி தலைக்கேறி இந்திராணியையே கேட்டான். முனிவர்கள் சுமக்கும் பல்லக்கில் வரச் சொன்னாள் அவள். வழியில் 'சர்ப்ப, சர்ப்ப' என்று அகத்தியரை உதைத்தான் என்பது வழக்கில் உள்ள கதை. வடமொழியில் அது 'விரைந்து போ' என்றும் பொருள்படும், பாம்பையும் குறிக்கும். அந்தச் சொல்லே சாபமானது.

எனக்கு நெஞ்சில் நிற்பது பிற்பகுதிதான். காட்டில் வீமனைச் சுற்றிப் பிடித்த அந்தப் பாம்பு, "பிராமணன் யார்?" என்று தருமரிடம் கேட்டது. பிறப்பால் அல்ல, உண்மையும் பொறுமையும் இரக்கமும் உள்ளவனே என்றார் தருமர். அதன் பிறகே வீமனை விட்டு, தானும் சாபம் நீங்கினான் நகுஷன்.